பழைய மகிழுந்தைப் பேணும் முறை

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மகிழுந்து மாருதி 800 ஆகும். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், அரியானா மாநிலத்துக் குர்கானில் உருவான முதல் வண்டியின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதன் உரிமையாளரிடம் வழங்கினார். ஜப்பான் நாட்டுச் சுசுகி நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் மாருதி உத்யோக் நிறுவனம் இவ்வண்டியை உருவாக்கியது. முப்பது ஆண்டுகளில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. 2010 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் இதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியும் முடிவுற்றது.

ஆகவே, இன்று சாலையில் காணும் மாருதி 800 ஒவ்வொன்றும் பத்தாண்டைக் கடந்த பழைய வண்டியே. தாத்தா வாங்கியது, தந்தை ஓட்டக் கற்றது எனப் பல வீடுகளில் இது இன்னும் நிற்கிறது. பழைய வண்டியை வைத்திருப்பதில் குற்றமில்லை. ஆனால், அதைப் பேணாமல் ஓட்டுவது ஆபத்தானது. புதிய மகிழுந்துகளில் மோதலின்போது விரியும் காற்றுப்பைகள் உள்ளன. திடீரெனப் பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி உள்ளது. மாருதி 800-இல் இவ்விரண்டும் இல்லை. எனவே, அதில் பயணம் செய்வோரின் உயிர் பெரும்பாலும் பிரேக்கையும் டயரையும் இருக்கைப்பட்டையையும் ஓட்டுநரின் கவனத்தையுமே சார்ந்துள்ளது. அவ்வண்டியை எவ்வாறு அறிந்து பேணுவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

எண்கள் கூறும் செய்தி

ஒரு வண்டியின் அளவுகளையும் திறனையும் குறிக்கும் பட்டியலை விவரக்குறிப்பு என்பர். வண்டியுடன் வழங்கப்படும் கையேட்டில் இப்பட்டியல் இடம்பெறும். மாருதி 800-இன் பிற்கால வகைகளுக்குரிய முதன்மையான அளவுகள் வருமாறு. தயாரிக்கப்பட்ட ஆண்டுக்கேற்ப இவற்றில் சிறு மாறுதல்கள் உண்டு.

நீளம்: 3335 மி.மீ.
அகலம்: 1440 மி.மீ.
உயரம்: 1405 மி.மீ.
முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்: 2175 மி.மீ.
வெற்று வண்டியின் எடை: ஏறத்தாழ 650 கிலோகிராம்
இயந்திரம்: 3 உருளைகள், 796 கன செ.மீ.
திறன்: நிமிடத்துக்கு 5000 சுழற்சியில் ஏறத்தாழ 37 குதிரைத்திறன்
பெட்ரோல் தொட்டி: 28 லிட்டர்
டயர்: 145/70 ஆர் 12
பேட்டரி: 12 வோல்ட்

வண்டியின் பெயரில் உள்ள 800 என்னும் எண் எங்கிருந்து வந்தது? இயந்திரத்தின் உள்ளே மூன்று உருளைகள் உள்ளன. ஒவ்வோர் உருளையினுள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. உருளையின் உள்விட்டம் 68.5 மி.மீ. பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம் 72 மி.மீ. கணித வகுப்பில் கற்ற உருளையின் கன அளவு வாய்பாட்டை இங்குப் பயன்படுத்தலாம். ஆரம் 3.425 செ.மீ. ஆதலால் வட்டப் பரப்பு ஏறத்தாழ 36.85 சதுர செ.மீ. ஆகும். அதனை 7.2 செ.மீ. உயரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 265.3 கன செ.மீ. கிடைக்கும். மூன்று உருளைகளுக்கும் சேர்த்து 796 கன செ.மீ. இதனை முழு எண்ணாக்கியே 800 எனப் பெயரிட்டனர்.

விவரக்குறிப்பு அழகுக்காக அச்சிடப்பட்டதன்று. பொறியாளர் எந்த அளவுகளுக்கு வண்டியை அமைத்தாரோ, அந்த அளவுகளுக்குள் அதனை வைத்திருப்பதே பராமரிப்பு. ஊற்ற வேண்டிய எண்ணெயின் அளவு, டயரில் இருக்க வேண்டிய காற்றின் அழுத்தம், ஏற்றத்தக்க சுமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 650 கிலோகிராம் எடையுள்ள சிறிய வண்டியில் ஏழு எட்டுப் பேர் ஏறி, கூரையிலும் மூட்டை கட்டினால் அச்சும் சுருள்வில்லும் பிரேக்கும் தம் எல்லையைக் கடக்கின்றன. மயிலிறகே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் வள்ளுவரின் கருத்து இதற்கும் பொருந்தும்.

இயந்திர எண்ணெய்

உலோகத்தோடு உலோகம் உரசினால் வெப்பமும் தேய்மானமும் உண்டாகும். உராயும் பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலமாகப் பரவி, அவற்றைப் பிரித்து வைப்பது உயவு எண்ணெய். பட்டறைகளில் இதனை எஞ்சின் ஆயில் என்பர். உராய்வைக் குறைப்பதோடு இது வெப்பத்தைக் கடத்துகிறது. தேய்ந்த உலோகத் துகள்களையும் கரியையும் திரட்டி வடிகட்டிக்குக் கொண்டுசெல்கிறது. ஆகவே, ஓட ஓட எண்ணெய் கறுப்பது இயல்பு.

எண்ணெயின் அளவைப் பார்ப்பது எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். மேலே தெறித்த எண்ணெய் அடியில் உள்ள தொட்டிக்குத் திரும்ப அந்நேரம் தேவை. பின்னர் அளவுக்குச்சியை உருவி, துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். குச்சியில் உள்ள இரு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் நின்றால் அளவு சரி. கீழ்க்கோட்டுக்குக் கீழே சென்றால் சிறிது சிறிதாக ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும். நுரைத்த எண்ணெய் சரியான படலத்தை உண்டாக்காது.

குச்சியில் ஒட்டிய எண்ணெய் பால் கலந்த காப்பி போல் தோன்றினால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். ஓட்டும்போது கருவிப்பலகையில் எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டது. 'வீடு பக்கம்தானே' என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டினால் சில நிமிடங்களில் இயந்திரம் இறுகிப் போகலாம். வண்டியை ஓரங்கட்டி உடனே அணைப்பதே முறை.

எண்ணெய்க் கலத்தின்மேல் 20டபிள்யூ-40 என்பது போன்ற குறி இருக்கும். முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாகும் என்பதையும், இரண்டாம் எண் சூடான இயந்திரத்தில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. முதல் எண் சிறிதாக இருந்தால் குளிர்ந்த காலையிலும் எண்ணெய் விரைந்து பாயும். எந்த எண் தன் வண்டிக்குரியது என்பதைக் கையேட்டில் பார்த்தே வாங்க வேண்டும்.

வெப்பமும் குளிர்விப்பும்

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் ஆற்றலில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற, இயந்திரத்தைச் சுற்றி நீர்மம் ஓடுகிறது. சூடான நீர்மம் முன்புறத்தில் உள்ள ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் வழியாகப் பாயும்போது காற்றுப்பட்டுக் குளிர்கிறது.

இங்கு வெறும் குழாய்நீரை ஊற்றுவது பழைய வண்டி உரிமையாளர்கள் பலரின் வழக்கம். கடின நீரில் உள்ள உப்புகள் குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். நீர் உலோகத்தைத் துருப்பிடிக்கவும் செய்யும். வடிநீருடன் எத்திலீன் கிளைக்கால் சேர்த்த கூலண்ட் இவ்விரண்டையும் தடுக்கிறது. வெறும் நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும். உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற இடங்களில் குளிர்கால இரவில் வண்டியை வெளியே நிறுத்தினால், உறைந்த நீர் இயந்திரத்தின் இரும்பையே விரிசலுறச் செய்யக்கூடும். பாதி நீரும் பாதி கிளைக்காலும் கொண்ட கலவை உறைய வெப்பநிலை ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழே 37 டிகிரிக்குச் செல்ல வேண்டும். தில்லி, நாகபுரி போன்ற நகரங்களில் கோடையின் 45 டிகிரி வெயிலிலும் அதே கலவை வெறும் நீரைவிடத் தாமதமாகக் கொதிக்கும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி ஒவ்வொருவரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அம்மூடி, குக்கரின் மூடியைப் போல் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அழுத்தம் மிகும்போது கொதிநிலை உயரும். ஆகவே, உள்ளிருக்கும் நீர்மம் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாமல் இருக்கலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் நீங்கும். நீர்மம் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், வண்டியை நிறுத்தி அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மின்விசிறியின் அருகிலும் கையைக் கொண்டுசெல்லலாகாது. அது வெப்பநிலையைப் பொறுத்துத் தானே சுழலத் தொடங்கும்.

பிரேக்

ஓட்டுநரின் கால் மிதியை அழுத்தும் விசை எவ்வாறு நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது? அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. மிதியை அழுத்தும்போது குழாய்களில் உள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. மாருதி 800-இன் பிற்கால வகைகளில் முன்சக்கரங்களில் வட்டத்தட்டு வகைப் பிரேக்கும் பின்சக்கரங்களில் உருளை வகைப் பிரேக்கும் உள்ளன.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்தபின் அது 140 டிகிரி அளவுக்கு இறங்கக்கூடும். மலைப்பாதையில் நெடுந்தூரம் இறங்கும்போது பிரேக் மிகவும் சூடாகும். அவ்வேளையில் பழைய ஆயில் கொதித்துக் குமிழிகள் தோன்றினால், மிதி பஞ்சைப் போல் அமுங்கும், வண்டி நிற்காது. நீர்மத்தைப் போலன்றிக் குமிழிகள் அமுங்கிவிடுவதே காரணம். எனவே, ஆயில் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மலையில் இறங்கும்போது கீழ் கியரில் செல்வதும் பிரேக்கின் சுமையைக் குறைக்கும்.

பிரேக்கின் நிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கால் உணரலாம். நல்ல பிரேக்கும் நல்ல டயரும் உள்ள வண்டி, உலர்ந்த தார்ச்சாலையில் ஒவ்வொரு வினாடியும் தன் வேகத்தில் வினாடிக்கு 6 மீட்டரைக் குறைப்பதாகக் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றால், பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 10 மீட்டரில் நிற்கும். 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 41 மீட்டர் தேவை. வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இனி, தேய்ந்த பிரேக் வினாடிக்கு 4 மீட்டரையே குறைப்பதாகக் கொண்டால், 40 கி.மீ. வேகத்திலும் நிற்க 15 மீட்டருக்கு மேல் ஆகும். கூடுதலான அந்த ஐந்து மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஒரு சிறுவன் நிற்கக்கூடும்.

பிரேக் தன் குறையை முன்கூட்டியே அறிவிக்கும். பிடிக்கும்போது கிறீச்சொலி எழுதல், வண்டி ஒரு பக்கமாக இழுத்தல், மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குதல், ஆயில் கிண்ணத்தில் அளவு குறைதல், சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருத்தல் ஆகியன அவ்வறிவிப்புகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பட்டறைக்குச் செல்வதைத் தள்ளிப்போடலாகாது.

டயர்

சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ உள்ளங்கை அகலப் பரப்பில்தான் தரையைப் பற்றுகிறது. அதன் பக்கச்சுவரில் பல எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 145/70 ஆர் 12 என்பதில் 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 விழுக்காடு என்பதைக் குறிக்கும், அதாவது 101.5 மி.மீ. ஆர் என்பது ஆரவாக்கில் இழைகள் அமைந்த ரேடியல் வகை. 12 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில், அது 304.8 மி.மீ. இரு பக்கச்சுவர்களையும் சேர்த்தால் டயரின் முழு விட்டம் 507.8 மி.மீ. சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். ஆகவே, ஒரு கிலோமீட்டர் செல்ல ஒரு சக்கரம் 600 முறைக்கு மேல் சுழல்கிறது.

தோற்றப் பொலிவுக்காகச் சிலர் பெரிய டயரைப் பொருத்துவர். 155/70 ஆர் 12 பொருத்தினால் விட்டம் ஏறத்தாழ 522 மி.மீ. ஆகும். அப்போது வேகமானி 60 எனக் காட்டினாலும் உண்மை வேகம் ஏறத்தாழ 62 ஆக இருக்கும். திருப்பும்போது டயர் உடற்பகுதியில் உரசவும் கூடும். எனவே, கையேடு கூறும் அளவையே பொருத்த வேண்டும்.

காற்றின் அழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடியபின் உள்ளிருக்கும் காற்று சூடாகி அழுத்தம் உயர்ந்து காட்டும். சரியான அழுத்தம் கையேட்டில் இருக்கும். காற்று குறைந்தால் டயரின் ஓரங்கள் தேயும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும். குறைந்த காற்றுடன் நெடுஞ்சாலையில் விரைந்தால் பக்கச்சுவர் ஓயாமல் வளைந்து சூடேறி, வெடிக்கவும் கூடும். டிக்கியில் உள்ள ஸ்டெப்னிக்கும் மறவாமல் காற்றடிக்க வேண்டும்.

டயரின் வரிப்பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுகின்றன. பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் உள்ளன. ரப்பர் தேய்ந்து அம்மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. மட்டுமே என்று பொருள். அதன்பின் மாற்றியே தீர வேண்டும். அவ்வாறு தேய்ந்த டயர், மும்பையின் ஆடி மாத மழையில் நீரின்மேல் வழுக்கும். பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவை குறைவாகவே ஓடுவதால் வரிகள் தேயாமல் இருக்கும். ஆயினும், வெயிலிலும் காற்றிலும் ரப்பர் முதிர்ந்து வெடித்திருக்கும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் டயரின் வயதைக் காட்டும். 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. ஐந்தாறு ஆண்டைக் கடந்த டயரை அறிந்தவரிடம் காட்டுவது நல்லது.

பேட்டரி, பெல்ட், ரப்பர் குழாய்

ஈயத்தகடுகளும் கந்தக அமிலமும் கொண்டது பேட்டரி. வண்டி ஓய்வில் இருக்கும்போது நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது அது ஏறத்தாழ 14 வோல்ட்டாக உயர வேண்டும். உயரவில்லையெனில் மின்னூட்டம் நடைபெறவில்லை. மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் நீர் குறைந்தால் வடிநீரையே சேர்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளி வெளியேறுவதால், அதனருகே தீக்குச்சியோ ஊதுவத்தியோ கூடாது. கம்பியைக் கழற்றும்போது முதலில் எதிர்முனையைக் கழற்ற வேண்டும்.

இயந்திரத்தின் உள்ளே, பிஸ்டனின் இயக்கத்தையும் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும் இசைவிப்பது டைமிங் பெல்ட். அது பல் வைத்த ரப்பர்ப் பட்டை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அறுந்தால் ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். கையேடு குறிக்கும் தூரம் ஓடியவுடன் அதனை மாற்ற வேண்டும். பழைய வண்டியை வாங்குவோர், அப்பெல்ட்டை எப்போது மாற்றினீர் என்று கேட்பது இன்றியமையாதது.

பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களுக்கும் இன்று தனிக் கவனம் தேவை. இப்போது நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. மாருதி 800 உருவான காலத்தில் இந்நிலை இல்லை. எத்தனால் பழைய வகை ரப்பரை உப்பவும் வெடிக்கவும் செய்யக்கூடும். காலையில் வண்டியருகே பெட்ரோல் வாடை வீசினால், அதனைப் பொருட்படுத்தாமல் சாவியைத் திருப்பலாகாது. கசியும் குழாய் தீ விபத்துக்கு வித்தாகும். மாற்றும் செலவோ மிகச் சிறிது.

புகை கூறும் செய்தி

தொடக்கத்தில் மாருதி 800-இல் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி, மின்னணுக் கருவியின் கட்டளைப்படி பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்தது. எவ்வகையாயினும், புகையின் நிறத்தால் இயந்திரத்தின் நலத்தை ஓரளவு அறியலாம். கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். நீலப்புகை வந்தால் உயவு எண்ணெய் எரிகிறது. இயந்திரம் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை தொடர்ந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது. குளிர்காலக் காலையில் சில நிமிடம் தோன்றி மறையும் வெண்மை நீராவியே; அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

சட்டமும் வண்டியின் முடிவும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக்குரிய மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். மூன்றாம் நபர் காப்பீடும், மாசு கட்டுப்பாட்டுச் சான்றிதழும் எப்போதும் நடப்பில் இருக்க வேண்டும். தில்லித் தலைநகர்ப் பகுதியில் காற்று மாசு மிகுதி. ஆதலால், 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை, 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தாம் வாழும் மாநிலத்தின் நடப்பு விதியை அறிந்துகொள்ள வேண்டும்.

வண்டியின் அடிப்பகுதித் தகடு துருவால் ஓட்டையாகிவிட்டால், எத்தனை புதிய உறுப்புகளைப் பொருத்தினாலும் அது பாதுகாப்பானதாகாது. மோதலின்போது தாங்க வேண்டிய எலும்புக்கூடு அதுவே. கடற்கரை நகரங்களில் உப்புக்காற்றால் துரு விரைவில் பரவும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியைக் கழுவிப் பார்ப்பது நன்று. தகடு அரித்துப்போன வண்டியைப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, அதற்குரிய சான்றிதழைப் பெறுவதும் உரிமையாளரின் கடமையே.

குறிப்பேடு

பராமரிப்பை மூன்று காலப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை டயர், எண்ணெய், கூலண்ட், பிரேக் ஆயில், விளக்குகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பேட்டரி, கண்ணாடி துடைப்பான், ரப்பர் குழாய்கள், ஸ்டெப்னி ஆகியவற்றை ஆராய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ, கையேடு கூறும் தூரத்திலோ பட்டறையில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி, பிரேக்கைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். வண்டியின் அடியில் செய்யும் பணிகளும் பிரேக் பணிகளும் பயிற்சி பெற்றோருக்கே உரியவை. ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டியின் கீழே எவரும் நுழையலாகாது.

மாணவர்களும் இதில் பங்கேற்க இயலும். ஒரு குறிப்பேட்டில் நாள், ஓடிய கிலோமீட்டர், செய்த பணி, மாற்றிய உறுப்பு, செலவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வரலாம். பட்டறையில் இந்தியிலும் வங்காளத்திலும் மராத்தியிலும் கேட்கும் பெயர்களுக்குத் தமிழில் என்ன சொல் என்று பெற்றோரிடம் கேட்டு அருகில் எழுதலாம். ஓராண்டு கழிந்தபின் அக்குறிப்பேட்டைப் புரட்டினால், கூலண்ட் மாதந்தோறும் குறைகிறதா, ஒரே டயரில் மட்டும் காற்று இறங்குகிறதா என்பவை தெளிவாகத் தெரியும். எந்தப் பழுது வளர்ந்து வருகிறது என்பதைப் பட்டறைக்காரருக்கும் அது காட்டிக்கொடுக்கும்.

பயிற்சி

1. மாருதி 800 என்னும் பெயரில் உள்ள எண் எவ்வாறு அமைந்தது? கணக்கிட்டுக் காட்டுக.
2. சூடான ரேடியேட்டரின் மூடியை ஏன் திறக்கலாகாது? கொதிநிலை, அழுத்தம் ஆகிய சொற்களைப் பயன்படுத்தி விடை எழுதுக.
3. பிரேக் தன் குறையை அறிவிக்கும் அடையாளங்கள் மூன்றினைக் கூறுக.
4. 4519 என்னும் எண் பொறித்த டயர் எப்போது தயாரானது?
5. மூவகைப் புகையின் நிறத்தையும் காரணத்தையும் அட்டவணையாக எழுதுக.
6. 'தகடு அரித்துப்போன பழைய வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாமா?' என்பது பற்றி உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு: உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு வண்டியின் டயர் அளவையும் தயாரிப்பு வாரத்தையும் பார்த்தெழுதி, அதன் சக்கரம் ஒரு கிலோமீட்டரில் எத்தனை முறை சுழலும் என்பதைக் கணக்கிடுக.